சுகுமார் சென்: வாக்குரிமைக்கு வடிவம் தந்தவர்

சுகுமார் சென் என்ற பெயரைக் கேட்டதும் இலக்கிய அன்பர்களுக்கு வங்க மொழியின் வரலாற்றையும் வங்க இலக்கியத்தின் வரலாற்றையும் எழுதிய பேரறிஞரே நினைவுக்கு வருவார். 1900இல் பிறந்து 1992இல் மறைந்த அப்பெருமகனார் புலமை உலகம் நன்கறிந்தவர். அதே காலத்தில், அதே வங்க மண்ணில், அதே பெயரோடு இன்னொருவரும் வாழ்ந்தார். அவர் காவியம் எழுதவில்லை, மொழியாராய்ச்சியும் செய்யவில்லை. இந்திய மக்களின் பெயர்களைக் கோடிக்கணக்கில் எழுதுவித்து, அவற்றை ஒரே பட்டியலில் நிறுத்தினார். எழுத்தறியாத ஒரு பெருநாடு தன் அரசைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி வகுத்த முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்.

கணிதம் பயின்ற அதிகாரி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் வங்காளத்தில் ஒரு கற்றறிந்த குடும்பத்தில் சுகுமார் சென் பிறந்தார். அவருடைய தம்பி அசோக் குமார் சென் பிற்காலத்தில் நாடறிந்த வழக்கறிஞராகவும் மத்திய சட்ட அமைச்சராகவும் விளங்கினார். கல்கத்தாவின் மாநிலக் கல்லூரியிலும் பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்ற சுகுமார் சென், கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1921இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். வங்காளத்தின் பல மாவட்டங்களில் பணியாற்றினார், நீதிபதியாகவும் இருந்தார். விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. பிரிவினையால் இருகூறாகி, அகதிகளின் பெருந்திரளைத் தாங்கி நின்ற ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் என்பது எளிய பதவியன்று.

எண்களின் ஒழுங்கும் நீதிமன்றத்தின் நடுநிலையும் மாவட்ட ஆட்சியின் மண்வாசனையும் ஒருங்கே கூடிய அனுபவம் அவருடையது. அவரை நாடு வேறொரு பணிக்கு அழைத்தபோது, இம்மூன்றும் ஒருங்கே தேவைப்பட்டன.

தனியொருவரான ஆணையம்

இந்திய அரசமைப்பின் 326ஆம் பிரிவு, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு என்று கூறிற்று. அன்றைய வரம்பு 21 வயது. நிலம் உடையவனா, வரி கட்டுபவனா, படித்தவனா என்ற கேள்விகள் அகன்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்த தேர்தல்களில் சொத்தும் கல்வியும் உடைய சிறுபான்மையோரே வாக்களித்தனர். அந்த வேலி ஒரே நாளில் வீழ்ந்தது.

324ஆம் பிரிவு தேர்தல் ஆணையத்தைத் தோற்றுவித்தது. தேர்தலை நடத்துவோர் ஆட்சியில் இருப்போரின் கைப்பொருளாகிவிடக் கூடாது என்பதற்காக, தலைமைத் தேர்தல் ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே முறையிலன்றி வேறெவ்வழியிலும் நீக்க இயலாது என்று அப்பிரிவு காப்பளித்தது. 1950 ஜனவரி 25ஆம் நாள் ஆணையம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 21ஆம் நாள் சுகுமார் சென் அதன் முதல் தலைவரானார். இன்று மூவர் அமரும் அந்த ஆணையத்தில் அன்று அவர் ஒருவரே உறுப்பினர்.

நாட்டின் முதல் பிரதமர் நேரு, 1951ஆம் ஆண்டின் வசந்த காலத்திலேயே தேர்தலை நடத்திவிட விழைந்தார். மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படாத ஓர் இடைக்கால நாடாளுமன்றம் நீண்ட நாள் நீடிப்பது அவருக்கு உவப்பாக இல்லை. அந்த விழைவின் நியாயத்தைச் சென் உணர்ந்திருந்தார். ஆயினும் தேர்தல் சட்டங்கள் முழுமை பெறவில்லை, தொகுதிகளின் எல்லைகள் வகுக்கப்படவில்லை, பட்டியல்கள் முடியவில்லை. பொறுத்திருக்க வேண்டும் என்பதே அவருடைய நிலை. நாடு பொறுத்திருந்தது. நாட்டின் மிகச் செல்வாக்குள்ள தலைவரின் விருப்பத்துக்கும் வேலையின் உண்மைத் தேவைக்கும் இடையே, அவர் வேலையின் பக்கம் நின்றார்.

சென் வெறும் தாளில் தொடங்கினார் என்று சொல்வது முழு உண்மையாகாது. அரசமைப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்த நாளிலேயே, அரசியல் நிர்ணய சபையின் செயலகம் வாக்காளர் பட்டியலுக்கான முதற்பணியைத் தொடங்கியிருந்தது. வீடிழந்து வந்த அகதிகள் ஓர் ஊரில் நிலையாக வாழப்போவதாக உறுதி கூறினாலே பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1948இல் அது வழி செய்தது. அந்தத் தொடக்கத்தை முழுமையாக்கி, சட்டத்தின் கண்ணுக்கு ஏற்கும் பட்டியலாக மாற்றும் பொறுப்பே சென்னிடம் வந்து சேர்ந்தது.

பெயரில்லாத இருபத்தெட்டு லட்சம்

முடிவில் பட்டியலில் நின்ற வாக்காளர்கள் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர். அத்தொகையைத் தொகுதிவாரியாகத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்த 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். அச்சுக்குச் சுமார் 3,80,000 ரீம் காகிதம் சென்றது.

அந்தப் பெரும் பட்டியலின் நடுவே ஒரு சிக்கல் எழுந்தது. வட இந்தியாவின் பல பகுதிகளில், வீடு தேடி வந்த கணக்கெடுப்பாளரிடம் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மகள் என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். கணவன் பெயரை நாவால் சொல்லாத வழக்கத்தைத் தமிழகம் அறியும். அங்கோ அயலாரிடம் தன் பெயரையே சொல்லலாகாது என்ற வழக்கம் இருந்தது. எழுத வந்தவரும் சொன்னதைச் சொன்னபடியே எழுதிச் சென்றார்.

இப்பதிவுகளை ஏற்பதா, தள்ளுவதா? ஏற்றுக்கொள்வது எளிது. யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்; எண்ணிக்கையும் குறைந்திராது. ஆனால் வாக்குச்சாவடிக்கு ஒரு பெண் வரும்போது, அவர்தான் பட்டியலில் உள்ளவர் என்று எதைக்கொண்டு அறிவது? ஒருவர் பெயரில் மற்றொருவர் வாக்களிப்பதை எப்படித் தடுப்பது? இவை நிர்வாகக் கேள்விகள். இவற்றுக்கு அடியில் வேறொரு கேள்வியும் இருந்தது. வாக்கு தனிமனிதரின் உரிமை. பட்டியலில் கணவன் பெயர் நின்று மனைவியின் பெயர் நில்லாவிடில், அந்த உரிமை யாருடையது?

சொந்தப் பெயர் இன்றி எவரையும் பட்டியலில் சேர்க்கலாகாது என்று ஆணையம் ஆணையிட்டது. ஏற்கெனவே அவ்வாறு எழுதப்பட்ட இடங்களில் உண்மைப் பெயரைக் கேட்டுப் பதிய வேண்டும். கிடைக்காவிடில் பதிவை நீக்க வேண்டும். பெயர்களைத் திருத்திக்கொள்ளப் பீகாருக்குக் கூடுதல் காலம் தரப்பட்டது. அங்கு அது நன்கு பயன்பட்டது. இராஜஸ்தானுக்கும் அவ்வாறே தரப்பட்டது. அங்கு பயன் சிறிதே. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், இராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலேயே இச்சிக்கல் மிகுந்திருந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் தம் பெயரைச் சொல்லாததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.

சென்னின் வாழ்வை எழுதுவோர் இந்த இடத்தைக் கடந்து விரைந்துவிடக் கூடாது. வாக்குரிமையை எல்லோருக்கும் கொண்டுசேர்க்க அமர்த்தப்பட்ட ஒருவரின் ஆணையால் 28 லட்சம் பெண்கள் முதல் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போயினர். அவர்கள் பெயரை மறைத்தது அவர்களின் குற்றமன்று. தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட நாணம் அது. அதற்குரிய தண்டம் அவர்கள் மீதே விழுந்தது. கண்டனங்களும் எழுந்தன. சென் தம் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. இம்முறை எழும் சலசலப்பே அடுத்த தேர்தலுக்குள் அந்த வழக்கத்தைக் கரைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரிதும் பலித்தது. 1957ஆம் ஆண்டின் பட்டியலில் பெண்கள் தம் சொந்தப் பெயரோடு பெருமளவில் இடம்பெற்றனர். ஆயினும் 1952இல் தவறிய வாக்கை 1957 திருப்பித் தரவில்லை. இவ்விரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அம்மனிதரின் பணியில் இருந்த பாரம் விளங்காது.

பெட்டியும் சின்னமும் மையும்

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குச் சுமார் 18 பேர்; பெண்களில் நூற்றுக்கு 9 பேர். வேட்பாளர் பெயரைப் படித்து அடையாளமிடும் மேலைநாட்டு முறை இங்கு உதவாது. எனவே சின்னங்கள் தோன்றின. உழவர் வீட்டு முற்றத்திலும் வயலிலும் தினமும் கண்ணில் படும் பொருள்களாகவே அவை அமைந்தன. நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, குடிசை, விளக்கு, கதிர் அரிவாள் ஆகியவை கட்சிகளின் முகங்களாயின. எழுத்தறியாதவர் சிந்திக்க அறியாதவர் அல்லர் என்ற நம்பிக்கை அந்தச் சின்னங்களுக்குள் இருந்தது. அந்நாளில் படித்தவர் பலரிடம் அந்நம்பிக்கை இல்லை. பாமர மக்கள் கையில் இவ்வளவு பெரிய பொறுப்பா என்று ஏடுகள் ஐயுற்றன. இது விபரீதச் சோதனை என்றோரும் உண்டு.

முதல் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. வாக்காளர் தம் கையில் தரப்பட்ட சீட்டை, திரைமறைவில், தாம் விரும்பும் சின்னமுள்ள பெட்டியில் போட்டால் போதும். எழுதுகோலைத் தொட வேண்டியதில்லை. ஒரு ரூபாய்த் தாளின் அளவே இருந்த அச்சீட்டுகள், கள்ளச்சீட்டு நுழையாதபடி நாசிக்கில் உள்ள அரசின் காப்பு அச்சகத்தில் அச்சிடப்பட்டன. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்பதால் பெட்டிகளின் தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. அவற்றுக்குச் சுமார் 8,200 டன் எஃகு வேண்டியிருந்தது.

ஒருவர் இருமுறை வாக்களிக்காமல் தடுக்க இந்திய விஞ்ஞானிகள் ஒரு மையை உருவாக்கித் தந்தனர். விரலில் இட்டால் பல நாள் அழியாது. அந்தத் தேர்தலுக்கு 3,89,816 புட்டி மை செலவாயிற்று. அதற்குப் பின் வந்த பொதுத்தேர்தல்களிலும் அந்தக் கருநீலக் கோடே குடிமகனின் அடையாளமாகத் தொடர்ந்தது.

சாவடிகள் ஏறத்தாழ இரண்டு லட்சம். அவற்றுள் 27 ஆயிரத்துக்கு மேற்பட்டவை பெண்களுக்கெனவே ஒதுக்கப்பட்டன. மலை மாவட்டங்களில் ஆற்றைக் கடக்கப் பாலங்கள் அமைத்தார்கள். தீவுகளுக்குக் கடற்படைக் கப்பல்கள் பட்டியல்களைக் கொண்டு சென்றன. வாக்களிப்பது எப்படி என்று திரையரங்குகளில் படம் காட்டினார்கள், வானொலியில் விளக்கினார்கள், வாக்குப்பதிவுக்கு முன்பே ஒத்திகையும் நடத்திப் பார்த்தார்கள்.

1951 அக்டோபர் 25ஆம் நாள், இமாசலப் பிரதேசத்தின் சினி வட்டத்தில் முதல் வாக்குகள் விழுந்தன. பனி மூடி வழிகள் அடைபடும் முன்னரே அம்மக்கள் வாக்களிக்க வேண்டியிருந்தது. சமவெளியில் உள்ளோர் வாக்களித்து முடிக்கும் வரை, தாம் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்று அறிய அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். 1952 பிப்ரவரியில் வாக்குப்பதிவு நிறைவுற்றது. மக்களவையின் 489 இடங்களுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் சேர்த்து நடந்த அத்தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் வாக்களித்தனர்.

தேர்தலின் நேர்மைக்குத் தோல்விகளே சான்று கூறின. அரசமைப்பை வரைந்த குழுவின் தலைவர் அம்பேத்கர் பம்பாயில் தோற்றார். பம்பாய் மாநிலத்தின் மூத்த அமைச்சர் மொரார்ஜி தேசாய் தோற்றார். நாடெங்கும் வென்ற காங்கிரஸ், சென்னை மாநிலத்தில் 375 இடங்களுள் 152 மட்டுமே பெற்றுப் பெரும்பான்மை இழந்து நின்றது. ஆளும் கட்சி விரும்பிய முடிவை மட்டும் தரும் பெட்டிகள் அல்ல அவை என்று தமிழ்நாடும் அன்று கண்டது.

நைல் நதிக் கரையில்

இப்பணியின் புகழ் கடல் கடந்தது. ஆங்கிலேயரும் எகிப்தியரும் கூட்டாக ஆண்ட சூடான் நாட்டுக்குத் தன்னாட்சி வழங்க 1953 பிப்ரவரியில் உடன்படிக்கை ஏற்பட்டது. அங்குத் தேர்தல் நடத்த ஏழு பேர் கொண்ட பன்னாட்டு ஆணையம் ஒன்று அமைந்தது. சூடானியர் மூவர், எகிப்தியர் ஒருவர், ஆங்கிலேயர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர், இவர்களுக்குத் தலைவராக இந்தியாவின் சுகுமார் சென்.

ஆங்கிலேயரும் எகிப்தியரும் ஒருவரையொருவர் ஐயுற்ற காலம் அது. சூடான் எகிப்தோடு இணையுமா, தனித்து நிற்குமா என்பதே தேர்தலின் உள்ளுறை. இரு தரப்பும் ஏற்கத்தக்க நடுவராகச் சென் அங்கே அமர்ந்தார். பாலைநிலமும் சதுப்பும் நாடோடிக் குடிகளும் நிறைந்த அந்நாட்டில் ஒரே முறை எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. எனவே சில தொகுதிகளில் நேர்முகத் தேர்தலும் சிலவற்றில் மறைமுகத் தேர்தலும் நடந்தன. 1953ஆம் ஆண்டின் இறுதியில் 97 இடங்களுக்கு நடந்த அத்தேர்தலில், எகிப்துச் சார்புடையதாகக் கருதப்பட்ட தேசிய ஒன்றியக் கட்சி 51 இடங்களை வென்றது. ஆயினும் அக்கட்சியே நாட்டைத் தனி விடுதலைக்கு இட்டுச் சென்றது. 1956 ஜனவரி முதல் நாள் சூடான் விடுதலை பெற்றது. ஆங்கிலேயரின் கீழ்ப் பணியாற்றத் தொடங்கிய ஒருவர், அவர்கள் அகலும் மற்றொரு நாட்டில் மக்களின் தீர்ப்பை எண்ணித் தரும் நடுவரானது காலத்தின் விந்தை. 1954இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

திருத்திக்கொள்ளும் பண்பு

முதல் தேர்தல் முடிந்ததும் சென் விரிவான ஓர் அறிக்கையை எழுதினார். வெற்றியைப் பாடும் ஏடாக அது நின்றுவிடவில்லை. எங்கே தடுமாற்றம் நேர்ந்தது, எதை மாற்ற வேண்டும் என்பதையும் ஆராய்ந்தது. தொகுதிகளின் எல்லைகளை அரசியல்வாதிகளின் இழுபறிக்கு விட்டுவிடாமல் நடுநிலை ஆணையம் ஒன்று வகுக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1952இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. நீதிபதி என். சந்திரசேகர ஐயர் தலைமையில் அமைந்த அந்த ஆணையத்தில் சென்னும் உறுப்பினரானார்.

1957இல் இரண்டாம் பொதுத்தேர்தல் வந்தது. வாக்காளர் தொகை 19 கோடியைக் கடந்தது, செலவோ குறைந்தது. முதல் தேர்தலின் பெட்டிகளைத் துருப்பிடித்து அழியவிடாமல் சென் சேமித்து வைத்திருந்தார். புதிதாகச் செய்ய வேண்டியவை சிலவே. ஏறத்தாழ நான்கரைக் கோடி ரூபாய் மிச்சமாயிற்று. அந்தத் தேர்தலில்தான் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி வென்று ஆட்சி அமைத்தது. தில்லியை ஆண்ட கட்சிக்கு உவப்பில்லாத முடிவு. ஆயினும் எண்ணிக்கையை எவரும் ஐயுறவில்லை.

தனிப் பெட்டி முறையிலும் குறைகள் இருந்தன. வாக்காளர் சிலர் சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் வெளியே எடுத்துச் சென்றனர். சிலர் பெட்டியின் மேலேயே வைத்துச் சென்றனர். 1958 டிசம்பர் 19ஆம் நாள் சென் பதவியிலிருந்து விலகிய பின், அடுத்து வந்த கே.வி.கே. சுந்தரம் காலத்தில் அம்முறை மாறியது. பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரையிட்டு ஒரே பெட்டியில் போடும் வழக்கம், 1960இல் கேரளச் சட்டமன்ற இடைக்காலப் பொதுத்தேர்தலில் தொடங்கி, 1962இல் நாடெங்கும் பரவியது. பத்தாண்டுப் பழக்கத்தில் எழுத்தறியாத மக்களும் அதற்கு ஆயத்தமாகியிருந்தனர். சென் வகுத்த முறை கைவிடப்பட்டது அவருக்குத் தோல்வியன்று. ஒரு முறையை நடத்திப் பார்த்து, குறை கண்டு, எழுதி வைத்து, அடுத்தவர் திருத்த வழிவிடுவதே தேர்தல் நிர்வாகத்தின் உயிர். அந்தப் பண்பை அவரே தொடங்கிவைத்தார்.

விட்டுச் சென்றது

1960 ஜூன் மாதத்தில் பர்த்வான் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். மீண்டும் ஒரு நிறுவனத்தின் முதல் நாள். மீண்டும் வெறும் தாளில் விதிகளை எழுதும் வேலை. அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1960களின் முற்பகுதியிலேயே மறைந்தார்.

தன்வரலாறு எழுதாமலே அவர் போய்விட்டார். நேருவிடம் பொறுக்கச் சொன்ன நாளில் என்ன நினைத்தார், 28 லட்சம் பெயர்களை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்ட இரவில் எப்படி உறங்கினார் என்று அவர் எங்கும் சொல்லி வைக்கவில்லை. தேர்தல் அறிக்கைகளின் வறண்ட வாக்கியங்களையும் எண்வரிசைகளையும் மட்டுமே விட்டுச் சென்றார். பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவற்றைப் படித்துத்தான், மறக்கப்பட்ட அம்மனிதரை மீட்டெடுத்தனர்.

பெயரிடும் கலை கவிஞர்களுக்கு உரியது என்பர். பெயரைக் கேட்கும் கடமையும் ஒன்று உண்டு. அதைச் சென் செய்தார். இன்றும் வாக்குச்சாவடிக்குள் நுழையும் ஒவ்வொருவரின் வரிசை எண்ணையும் பெயரையும் முதல் அலுவலர் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படிக்கிறார். முகவர்கள் தம் பட்டியலில் சரிபார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் இன்னாரின் மனைவியோ இன்னாரின் தாயோ அங்கு இல்லை. ஒரு பெண் தன் சொந்தப் பெயர் ஊரறியச் சொல்லப்படுவதைக் கேட்டு, விரலை மைக்கு நீட்டுகிறாள்.